அத்தோஸ் தீபகற்பம்: ஒரு நாளைக்குப் பத்துப் பேரில் ஒருவராகப் போய்வர முழுமையான வழிகாட்டி

கிரேக்க நாட்டின் வடக்கில் கல்கிடிகி என்ற நிலப்பகுதி ஏஜியன் கடலுக்குள் மூன்று விரல்களை நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு விரல்களிலும் கோடைக்கால விடுதிகள், கடற்கரைக் குடைகள், இரைச்சலான இசை. கிழக்கே உள்ள மூன்றாவது விரலில் இவை எதுவும் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடும் பாறையும், அவற்றுக்கிடையே 20 மடாலயங்களும் இருக்கின்றன. விரலின் நுனியில் 2,033 மீட்டர் உயர மலை ஒன்று கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. இதுதான் அத்தோஸ். கிரேக்கர்கள் இதைப் 'புனித மலை' என்றே சொல்வார்கள்.

இங்கே பணம் இருந்தால் மட்டும் போய்விட முடியாது. இந்த மடங்கள் ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கிழக்கத்திய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து அனுமதிச் சீட்டுகள்தான். உலகம் முழுவதற்கும் சேர்த்துப் பத்து. பெண்களுக்கு அனுமதியே கிடையாது. இதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன், ஏனெனில் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம் அல்ல அது.

நான் போய்வந்த பிறகு நண்பர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரே ஒரு எச்சரிக்கை. நான்கு நாளில் எத்தனை மடங்களைப் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. மூன்று இரவுகளில் மூன்று மடங்கள், அதற்கு மேல் வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

முதல் படி: தேதியைத் தேர்ந்தெடுங்கள்

மே மாதமும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரையும் நடப்பதற்கு உகந்த காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் கொளுத்தும், கூட்டமும் இருக்கும். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் உள்ளே போகவும் முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே வரவும் முடியாது. தரைவழி எல்லை மூடியே இருக்கிறது, கடல் ஒன்றுதான் வாசல்.

இன்னொரு கணக்கும் உண்டு. அத்தோஸில் இன்றும் பழைய ஜூலியன் நாள்காட்டிதான். நம் நாள்காட்டிக்கு அது 13 நாள் பின்தங்கியது. அதனால் கன்னி மரியாள் விண்ணேற்றத் திருநாள் வெளியுலகில் ஆகஸ்ட் 15 என்றால், இங்கே அது வருவது நம் ஆகஸ்ட் 28 அன்று. உருமாற்றத் திருநாளான ஆகஸ்ட் 6 இங்கே ஆகஸ்ட் 19 ஆகிவிடும். அன்று மலையுச்சியில் உள்ள சிற்றாலயத்துக்குத் துறவிகள் ஏறிப்போய் இரவு முழுவதும் விழித்திருந்து வழிபடுவார்கள். பெருவிழா நாட்களில் படுக்கை கிடைப்பது அரிது. ஆனால் கிடைத்துவிட்டால் அந்த இரவு வழிபாட்டுக்கு ஈடு இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு, நடுக்கூடத்தில் தொங்கும் மாபெரும் வட்ட விளக்கைத் துறவி ஒருவர் நீண்ட கோலால் தள்ளி ஆட்டிவிடுவார். சுவர் ஓவியங்கள் மீதெல்லாம் வெளிச்சமும் நிழலும் ஊஞ்சலாடும்.

இரண்டாம் படி: அனுமதிச் சீட்டு

இதன் பெயர் டியாமொனிடிரியொன். வாய்க்குள் நுழையாது, ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள், வழியெங்கும் இந்தச் சொல்லைத்தான் கேட்பார்கள். தெசலோனிகி நகரில் உள்ள புனித மலை யாத்திரிகர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். பெயர், நாடு, சமயம், எந்த நாள் நுழைய விருப்பம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் பிரதியை இணையுங்கள். நுழையும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே எழுதிவிடுவது நல்லது. ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், மூன்று நான்கு மாற்றுத் தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

சமயம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர், நம்பிக்கையற்றவர், எல்லோருக்கும் அந்தப் பத்துக்குள்தான் இடம். ஆர்த்தடாக்ஸ் என்று பொய் சொல்லி நுழையலாமே என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. வழிபாட்டின்போது அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு மேல், விருந்தினராகப் போகும் வீட்டில் பொய்யோடு நுழைவானேன்?

தேதி உறுதியான பிறகு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் இரண்டு வேலைகளும் அடுத்தடுத்து நடக்கும். விசாவில் ஒரு நெருடல் இருக்கிறது. ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள், மடங்களோ ஓட்டல்களைப் போல ரசீது தருவதில்லை. அனுமதி உறுதியான மின்னஞ்சலையும் மடங்கள் அனுப்பும் பதில்களையும் அச்செடுத்து, பயணத் திட்டம் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள்.

சீட்டுக்கான கட்டணம் 30 யூரோ அளவில் இருக்கும், அதைக் கையில் பெறும்போது செலுத்தினால் போதும். நான்கு பகல், மூன்று இரவுகளுக்கு அது செல்லும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பையனைத் தந்தையோடுதான் அழைத்துப் போக முடியும், இல்லையேல் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

மூன்றாம் படி: மடங்களில் இடம் கேட்பது

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அனுமதிச் சீட்டு தீபகற்பத்துக்குள் நுழைய மட்டுமே. எந்த மடத்தில் எந்த இரவு தங்குவது என்பதை ஒவ்வொரு மடத்தோடும் தனித்தனியாகப் பேசி முடிக்க வேண்டும். ஒரு மடத்தில் ஓர் இரவுதான் என்பது பொது விதி. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்குவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடந்து வருகிறது.

மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் போகலாம், மனம் தளர வேண்டாம். விருந்தினர் பொறுப்பில் இருக்கும் துறவி முற்பகலில் சில மணி நேரம்தான் தொலைபேசியை எடுப்பார். ஆங்கிலம் பேசுகிறவர் அநேகமாகக் கிடைப்பார். வடோபெடி, சிமோனோபெட்ரா இரண்டும் சீக்கிரம் நிரம்பிவிடும், முதலில் அவற்றைக் கேளுங்கள்.

எந்த மடம் என்று தேர்ந்தெடுக்க, சுருக்கமாக என் பார்வையைச் சொல்கிறேன். கி.பி. 963இல் துறவி அத்தனாசியோஸ், பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் இரண்டாம் நிக்கெஃபோரஸ் ஃபோகாஸின் துணையோடு நிறுவிய பெரிய லாவ்ராதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. தரவரிசையில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கிறது, போக வர ஒரு நாள் போய்விடும். வடோபெடி செல்வமும் ஒழுங்கும் மிக்க மடம், கன்னி மரியாளின் இடைக்கச்சை என்று நம்பப்படும் திருப்பொருளை அங்கே வைத்திருக்கிறார்கள். இருபதில் பதினேழு மடங்கள் கிரேக்கத் துறவிகளுடையவை. பந்தெலெய்மோன் ரஷ்யர்களுக்கும், ஹிலந்தார் செர்பியர்களுக்கும், சோக்ராஃப் பல்கேரியர்களுக்கும் உரியவை. ஹிலந்தாரின் பெரும் பகுதி 2004இல் தீயில் அழிந்தது. எஸ்ஃபிக்மெனூ மடம் கான்ஸ்டான்டிநோபிள் பேராயரோடு நீண்ட காலமாகப் பிணக்கில் இருக்கிறது. முதல் பயணத்துக்கு அந்தச் சிக்கல் வேண்டாம்.

என் பரிந்துரை: முதல் இரவு சிமோனோபெட்ரா, இரண்டாம் இரவு தியோனிசியூ, மூன்றாம் இரவு இவிரோன். இரண்டு மேற்குக் கரையில், ஒன்று கிழக்குக் கரையில். இடையில் நல்ல நடை. பெரிய லாவ்ராவை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். ஆம், மனமறிந்தே விட்டேன். வண்டியில் குலுங்கிப் போய், முற்றத்தைப் பார்த்து, குலுங்கித் திரும்புவதைவிட, ஒரு மடத்தின் பலகணியில் மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பது மேல்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை. அரைக்கால் சட்டையோடு மடத்துக்குள் நடக்க முடியாது. கல் பாவிய பழைய கழுதைப் பாதைகளில் நடக்க, பிடிமானமுள்ள காலணி. டார்ச் விளக்கு மிக முக்கியம், விடியலுக்கு முன் இருட்டில் எழுந்து கோயிலுக்குப் போக வேண்டியிருக்கும். தண்ணீர்ப் புட்டி, கொஞ்சம் பாதாம், உலர்ந்த திராட்சை, ரொக்கப் பணம். வீடியோ எடுப்பதற்குத் தடை உண்டு. புகைப்படம் வெளியில் எடுக்கலாம், கோயிலுக்குள்ளும் உணவுக்கூடத்திலும் கூடாது. துறவியைக் கேட்காமல் அவரைப் படமெடுப்பது அநாகரிகம். கடலைப் பார்த்ததும் குளிக்கத் தோன்றும், அதுவும் கூடாது.

சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து வராதீர்கள். நான் பார்த்த ஒரு இளைஞர் அதைத் தலையில் சுமந்துகொண்டு சிமோனோபெட்ரா ஏறினார்.

ஐந்தாம் படி: ஊரனூபொலிக்குப் போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி ஏதென்ஸ், அங்கிருந்து தெசலோனிகி என்பது வழக்கமான வழி. தெசலோனிகியில் ஓர் இரவு தங்கி ஓய்வெடுங்கள். கல்கிடிகி பஸ்களுக்குத் தனி நிலையம் இருக்கிறது, நகரின் பெரிய பஸ் நிலையத்தில் போய்க் காத்திருந்து ஏமாறாதீர்கள். அங்கிருந்து இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக, அத்தோஸ் படகு கிளம்பும் கடலோர ஊரான ஊரனூபொலி. படகு காலையில் கிளம்புவதால் முந்தைய மாலையே ஊரனூபொலி சேர்ந்து, அங்கேயே தூங்குவது நிம்மதி.

வழியில் நேயா ரோதா என்ற ஊர் வரும்போது சன்னலோரம் பாருங்கள். நிலம் அங்கே ஒடுங்கி, இரண்டு பக்கக் கடலுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். பார்ப்பதற்கு வெறும் தாழ்நிலம். கி.மு. 492இல் பாரசீகக் கப்பற்படை அத்தோஸ் முனையைச் சுற்றிவரும்போது புயலில் சிக்கிச் சிதறியது. பின்னாளில் படையெடுத்து வந்த பாரசீக மன்னன் செர்க்சஸ், முனையைச் சுற்றவே வேண்டாம் என்று இந்த ஒடுங்கிய நிலத்தைக் குறுக்கே வெட்டிக் கால்வாய் தோண்டச் செய்தான். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சுவையான தகவல் சொல்கிறார். மற்ற கூட்டத்தார் எல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் தோண்ட, கரை சரிந்து சரிந்து விழுந்தது. ஃபினீசியர்கள் மட்டும் மேலே இரு மடங்கு அகலமாகத் தொடங்கிக் கீழே போகப் போகக் குறுக்கினார்கள், அவர்கள் பகுதி சரியவில்லை. கிணறு வெட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். நெடுங்காலம் கட்டுக்கதை என்று சிலர் சந்தேகித்த அந்தக் கால்வாயின் தடம், நில இயற்பியல் ஆய்வில் மண்ணுக்கடியில் இருப்பது உறுதியாகியிருக்கிறது. செர்க்சஸின் படையில் பஞ்சாடை உடுத்தி, நாணல் வில் ஏந்திய இந்தியர்களும் வந்தார்கள் என்று அதே ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

ஊரனூபொலியில் கடலோரமாக பைசாந்தியக் காலத்துக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் இரவு உணவை நன்றாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி விரும்புகிறவர்களுக்கு அடுத்த நான்கு நாளைக்கு அது கிடையாது.

ஆறாம் படி: படகு

காலையில் யாத்திரிகர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சீட்டைப் பெறுங்கள். வரிசை நீளும், சீக்கிரம் போய்விடுங்கள். சீட்டின் மேல் உள்ள முத்திரையை ஒரு கணம் பாருங்கள். அந்த முத்திரை நான்கு துண்டுகளாகப் பிரித்து நான்கு பொறுப்பாளர்களிடம் இருக்கும், நால்வரும் கூடினால்தான் முத்திரை முழுமையாகும். பிறகு படகு டிக்கெட். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

பெரிய படகு மேற்குக் கரையோரமாக மெதுவாகப் போகும். ஒவ்வொரு மடத்தின் துறையிலும் நின்று, காய்கறிக் கூடை, சிமெண்டு மூட்டை, துறவிகள், கட்டடத் தொழிலாளிகள் என்று இறக்கிவிட்டுப் போகும். தாஃப்னி துறைக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். வேகப் படகும் உண்டு, அதைத் தவிருங்கள். படகின் இடப்பக்கம் உட்கார்ந்தால் சோக்ராஃபின் துறை, தொகியாரியூ, க்செனோஃபொந்தொஸ், பச்சைக் குவிமாடங்களோடு ரஷ்யர்களின் பந்தெலெய்மோன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இத்தனை மடங்களையும் ஒரே காலையில் கடலிலிருந்தே பார்த்தாகிவிட்டது, இனி அவசரம் என்ன?

தாஃப்னி ஒரு சின்னத் துறை. இரண்டு மூன்று கடைகள், ஒரு காவல் நிலையம், பஸ், கூச்சல். பெரிய படகிலிருந்து வந்தவர்கள் பாதிப்பேர் தலைநகர் கரியேஸுக்கு பஸ் ஏறுவார்கள். நீங்கள் தெற்கே போகும் சிறிய படகுக்கு மாறி, சிமோனோபெட்ராவின் துறையில் இறங்குங்கள்.

ஏழாம் படி: முதல் மடம்

துறையிலிருந்து மேலே நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பாறை முகட்டின் மேல் ஏழு அடுக்கு. அடுக்குகளைச் சுற்றி மரத்தாலான பலகணிகள், அவற்றுக்குக் கீழே வெறும் ஆகாயம். 1580இலும் 1891இலும் இந்த மடம் எரிந்தது, இரண்டு முறையும் மீண்டும் எழுந்தது. ஏறுவதற்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. மெதுவாக ஏறுங்கள்.

மடத்துக்குள் நுழைந்ததும் அர்கொந்தாரிகி எங்கே என்று கேளுங்கள். விருந்தினர் வரவேற்கப்படும் இடம் அது. ஒரு தட்டில் குளிர்ந்த தண்ணீர், சர்க்கரைத்தூள் தூவிய லுக்கூமி மிட்டாய், காபி, சிறு கிண்ணத்தில் சிப்புரோ என்ற திராட்சைச் சாராயம் வரும். சாராயம் வேண்டாம் என்றால் தொடாமல் விடலாம், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். பேரேட்டில் பெயர் எழுதச் சொல்வார்கள். பிறகு கட்டில்.

துறவியைப் பார்த்தால் 'எவ்லொகீதே' என்று சொல்லுங்கள், 'ஆசி கூறுங்கள்' என்று பொருள். 'ஓ கீரியொஸ்' என்று பதில் வரும், ஆசி கர்த்தருடையது என்பதாக. கையை நீட்டிக் குலுக்கப் போகாதீர்கள். மடாதிபதியை 'யெரொந்தா' என்பார்கள், மூத்தவரே என்பது போல. கால்மேல் கால் போட்டு உட்கார்வதும், கோயிலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதும் மரியாதைக் குறைவு. பெரியவர்கள் முன் எப்படி உட்காரச் சொல்லி நம்மை வளர்த்தார்களோ, அதை நினைவில் வைத்தால் பாதி விதிகள் தாமாகவே வந்துவிடும்.

எட்டாம் படி: நேரத்தை மறந்து மணியைக் கேட்பது

இந்தப் பயணத்தில் மிகக் கடினமான படி இதுதான். பெரும்பாலான மடங்களில் சூரியன் மறையும் நேரம்தான் பன்னிரண்டு மணி. நாள் அங்கே தொடங்குகிறது. சூரியன் நாளுக்கு நாள் முன்பின்னாக மறைவதால் கடிகாரத்தையும் அவ்வப்போது திருப்பி வைப்பார்கள். இவிரோன் மட்டும் விதிவிலக்கு, அங்கே கணக்கு சூரியோதயத்திலிருந்து.

முதல் நாள் மாலை நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று பலகணியில் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது வழிபாடும் முடிந்திருந்தது, பந்தியும் முடிந்திருந்தது. இரவு முழுவதும் பாதாம்தான். பசித்த வயிறு சொல்லிக்கொடுத்ததை எந்த வழிகாட்டியும் சொல்லிக்கொடுக்காது. மறுநாளிலிருந்து கைக்கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அழைப்பது மணி மட்டுமல்ல. துறவி ஒருவர் நீண்ட மரப்பலகையைத் தோளில் தாங்கி, சுத்தியால் தட்டிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வருவார். மெதுவாகத் தொடங்கி விரைவாகும் தாளம். பைபிளில் வரும் நோவா தன் பேழைக்குள் உயிரினங்களை இப்படித்தான் தட்டி அழைத்தார் என்று சொல்லிக்கொள்வார்கள். விடியலுக்கு வெகு முன்பு, நம் கடிகாரக் கணக்கில் மூன்று நான்கு மணிவாக்கில், அந்தத் தாளம் கேட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கோயிலுக்குள் ஆர்த்தடாக்ஸ் அல்லாதவருக்கு இடம் முன்கூடத்தில். சில மடங்களில் அதற்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில். முதல் முறை மனம் சுருங்கத்தான் செய்யும். இவ்வளவு தொலைவு வந்து வாசலிலேயே நிற்பதா என்று தோன்றும். உயரமான கைப்பிடி வைத்த மர இருக்கை ஒன்றில் சாய்ந்து நின்றேன். மின்விளக்கு இல்லை, மெழுகுவர்த்திகள் மட்டும். உள்ளேயிருந்து ஆண்குரல்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு வந்தன. கருவிகள் ஏதும் கிடையாது. ஒரு குரல் அடியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொள்ள, மற்றவை அதன்மேல் நடக்கும். தம்பூரா கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இல்லை. சிமோனோபெட்ராவின் பாடகர் குழுவுக்கு மலைக்கு வெளியேயும் பேர் உண்டு. வாசலில் நின்றதால் நான் இழந்தது எதுவுமில்லை.

மாலை வழிபாட்டுக்குப் பிறகு மடத்தின் திருப்பொருள்களை மேசைமேல் கொண்டுவந்து வைப்பார்கள். அருகில் போகலாமா என்று அங்கிருக்கும் துறவியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பந்தி

வழிபாடு முடிந்ததும் எல்லோரும் நேராக உணவுக்கூடத்துக்கு. ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர்களைச் சில மடங்களில் தனிப் பந்தியில் உட்காரவைப்பார்கள். நீண்ட மேசைகளில் எல்லாம் முன்பே பரிமாறப்பட்டிருக்கும். மேடையில் ஒரு துறவி புனிதர் வரலாற்றை வாசிப்பார், யாரும் பேசக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம்தான். மணி அடித்து மடாதிபதி எழுந்தால் பந்தி முடிந்தது, வாய்க்குப் போகும் வழியில் இருக்கும் கரண்டியையும் கீழே வைக்க வேண்டியதுதான். ஆகவே ஆற அமரச் சாப்பிடுகிறவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இறைச்சி கிடையாது. விழா நாட்களில் மீன் வரும். மற்றபடி பயறு, கொண்டைக்கடலை, தக்காளியில் வேகவைத்த காய், ஆலிவ், ரொட்டி, மடத்துத் தோட்டத்துப் பழம், சில நாட்களில் திராட்சை மது. திங்கள், புதன், வெள்ளி நோன்பு நாட்கள், அன்று எண்ணெயும் பால் பொருள்களும் இல்லாமல் சமைப்பார்கள். ஐரோப்பாவில் எங்கே போனாலும் இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டே களைத்துப்போகும் சைவ உணவுக்காரருக்கு, கேள்வியே கேட்காமல் உட்காரக்கூடிய பந்தி இது. மீனை மட்டும் தள்ளிவைத்தால் போதும். காரம் எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்பதாம் படி: நடை

இரண்டாம் நாள் சிமோனோபெட்ராவிலிருந்து கிரிகோரியூ, அங்கிருந்து தியோனிசியூ. ஒவ்வொரு துண்டும் ஒன்றரை மணி நேரம் போல ஆகும், இறக்கமும் ஏற்றமுமாக முழங்காலைச் சோதிக்கும். சில இடங்களில் கஷ்கொட்டை மரங்கள், சில இடங்களில் வெறும் புதர், எப்போதும் ஒரு பக்கம் கடல். வாகனச் சாலைகள் பெருகியதால் பழைய பாதைகள் பல புதர்மூடிப் போயின. பிரிட்டனைச் சேர்ந்த அத்தோஸ் நண்பர்கள் கழகத்தினர் ஆண்டுதோறும் வந்து அவற்றை வெட்டித் திருத்துகிறார்கள். விரியன் வகைப் பாம்புகள் இருப்பதால் கோல் ஒன்று கையில் இருக்கட்டும். கதிரவன் சாய்ந்தால் மடத்தின் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள், எனவே பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மலையுச்சி ஏற ஆசைப்படுகிறவர் அதற்கென்றே தனிப் பயணம் வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,033 மீட்டர் என்றால், உண்மையிலேயே கடல் மட்டத்திலிருந்துதான் ஏறத் தொடங்குகிறோம்.

மூன்றாம் நாள் படகில் தாஃப்னி திரும்பி, பஸ்ஸில் கரியேஸ். ஆயிரம் ஆண்டாகப் பெண் குடியிருக்காத தலைநகர். இருபது மடங்களின் பிரதிநிதிகள் கூடும் சபை இங்கேதான். கிரேக்க அரசமைப்பின் 105ஆம் பிரிவு இந்தத் தன்னாட்சிக்கு இடம் தருகிறது. நடுவில் உள்ள புரொத்தாத்தொன் கோயிலைத் தவறவிடாதீர்கள். மனுவேல் பன்செலினோஸ் வரைந்ததாகச் சொல்லப்படும் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. எழுநூறு ஆண்டு பழைய முகங்கள், தெருவில் நேற்றுப் பார்த்தவர்கள் போல நம்மையே பார்க்கின்றன. கி.பி. 972இல் பேரரசர் ஜான் சிமிஸ்கெஸ் கையொப்பமிட்ட முதல் சட்டத்தொகுப்பும் கரியேஸில்தான் காக்கப்படுகிறது. ஆட்டுத்தோலில் எழுதியதால் அதற்கு 'ஆட்டுக்கிடா' என்றே பெயர். பிறகு கீழே இவிரோனுக்கு நடக்கலாம், களைத்தால் வேன் இருக்கிறது. ஜார்ஜியத் துறவிகள் நிறுவிய மடம் அது. வாசல் காக்கும் அன்னை என்று போற்றப்படும் மரியாள் திருவுருவம் அங்கே உள்ளது.

பெண்களுக்கு

கன்னி மரியாள் கப்பலில் வந்து ஒதுங்கி, இந்த நிலத்தைத் தன் தோட்டமாகக் கேட்டுப் பெற்றாள், ஆகவே வேறு பெண் இங்கே வரலாகாது என்பது மரபு சொல்லும் காரணம். வளர்ப்பு விலங்குகளிலும் பெண் இனம் கூடாது, எலி பிடிக்கும் பூனைகளுக்கு மட்டும் விலக்கு. விதியை மீறி நுழையும் பெண்ணுக்குச் சிறைத்தண்டனை என்று 1953இல் சட்டமே வந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2003இல் இந்தத் தடையை எடுக்கச் சொல்லியும் எதுவும் மாறவில்லை. ஒரு பெண்ணை முன்னிறுத்தி மற்றெல்லாப் பெண்களையும் நிறுத்திவைக்கும் இந்த நியாயம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அந்த மடங்களின் ரொட்டியைச் சாப்பிட்டவன் என்பதால் இதைச் சொல்லாமல் விடுவதும் சரியாகாது.

குடும்பத்தோடு வந்தால் செய்யக்கூடியவை: ஊரனூபொலியிலிருந்து கிளம்பும் உல்லாசப் படகுகள் கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளியே மேற்குக் கரை முழுவதையும் காட்டிவிட்டுத் திரும்புகின்றன, தொலைநோக்கி இருந்தால் நல்லது. எல்லைக்கு வெளியே, ஊரனூபொலிக்கு அருகிலேயே, சிகு என்ற பழைய மடத்தின் இடிபாடுகளுக்குள் யாரும் போகலாம். ஓர்மிலியாவில் சிமோனோபெட்ராவைச் சேர்ந்த கன்னியர் மடம் இருக்கிறது. வடக்கே அரிஸ்டாட்டில் பிறந்த ஸ்டகிராவின் இடிபாடுகள், கடலை நோக்கிய குன்றின்மேல்.

பத்தாம் படி: வெளியே வருவது

நான்காம் நாள் காலை வழிபாடு முடிந்ததும் கரியேஸ் வழியாகத் தாஃப்னி திரும்புங்கள். ஊரனூபொலிப் படகு நண்பகல் அளவில் கிளம்பும். அதைத் தவறவிட்டால் சீட்டின் காலமும் முடிந்திருக்கும், ஆகவே ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். மடங்கள் பணம் வாங்காது என்பதால் நன்றிக்கடனைக் கடைகளில் தீர்த்துக்கொள்ளலாம்: மடத்துத் தூபம், தேன், கம்பளி நூலில் முடிச்சுப் போட்ட செபமாலை. 33, 50, 100 முடிச்சுகள் என்று பல வகை உண்டு. வாங்கியவற்றுக்கு ரசீது கேட்டு வையுங்கள். படகேறும் முன் சுங்கக்காரர்கள் பையைத் திறக்கச் சொல்வார்கள். பழைய திருவுருவப் படங்களும் கையெழுத்துப் பிரதிகளும் களவு போன வரலாறு இந்த மலைக்கு உண்டு. என் பையைத் துழாவிய அதிகாரி அடியில் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டி, உங்களுடையதுதானா என்று கேட்டார்.